இருபத்துநாலில் ஒரு பங்கு

செம்பூரில் என் நண்பர் ஒருவரின் வீட்டுப் புத்தக அலமாரியில் ஒரு பத்மினி டாக்சி நிற்கிறது. நீளம் 16 செ.மீ. சொச்சம். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை, கூரையின் மேல் சாமான் கேரியர். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணாடிக் கதவைத் திறந்து அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து "அடடே" என்பார்கள். ஒரு நிமிடம் கழித்து இடது பக்கப் பின்கதவைக் காட்டி, "இந்த இடத்துல மட்டும் பெயிண்ட் சரியா வரல போலிருக்கே" என்பார்கள். நண்பர் பதில் சொல்வதில்லை. வங்கி கவுன்டரில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவர். வாயை மூடிக்கொண்டிருக்கும் கலை கைவந்தவர்.

அவர் முன்னால் 'பொம்மை' என்ற வார்த்தையைப் பிரயோகித்தால் மட்டும் முகம் சுருங்கும். பொம்மை விளையாட, இது பார்க்க என்பது அவர் கட்சி. துரதிருஷ்டவசமாக சுங்க இலாகா எதிர்க்கட்சி. சுங்க அட்டவணையில் 9503 என்ற எண்ணின் கீழ் மூன்று சக்கர சைக்கிள், மரப்பாச்சி வகையறாக்களோடு 'அளவு குறைத்த மாதிரிகள்' என்று இவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். விளைவு, 2020 பட்ஜெட்டில் பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனபோது ஜப்பானியக் கார் கிட்டுகளும் கூடவே ஏறின. 2023-ல் வரி 70 சதவீதம் ஆனது. உள்ளூர் பொம்மைத் தொழிலைக் காக்க வந்த வரி, வாஸ்தவம்தான். ஆனால் எழுபது வயதை நெருங்கும் ஓய்வூதியக்காரர் ஒருவர் நூறு துண்டுகளை இடுக்கியால் பிடித்து ஒட்டும் சமாச்சாரத்துக்கு உள்ளூரில் யார் போட்டி?

இந்தப் பொழுதுபோக்கில் அளவுகள் வந்த கதையே வேடிக்கை. 1/43 என்பது ரயில்காரர்கள் தந்தது. பிரிட்டனில் ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ கம்பெனி 1930களில் தன் பொம்மை ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கச் செய்த வண்டிகள்தான் பிறகு டிங்கி டாய்ஸ் ஆயின. அந்த ரயில்களில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் கணக்கு. வகுத்துப் பார்த்தால் 43 சொச்சம். 1/24 என்பது அடிக்கு அரை அங்குலம். அமெரிக்கர்களின் 1/25, கார் கம்பெனிகள் புது மாடலை டீலர்களிடம் காட்டக் கொடுத்த சின்னக் கார்களோடு பரவியது. டாங்கி பிரியர்களின் 1/35 இன்னும் மோசம்: ஜப்பானின் டாமியா கம்பெனி தன் மோட்டார் டாங்கிக்குள் பாட்டரி அடங்கவேண்டுமே என்று பார்த்து வைத்த அளவு, உலக நியதி ஆகிவிட்டது. அதே டாமியா 1970களில் போர்ஷ் மாதிரி ஒன்றைச் செய்வதற்காக நிஜ போர்ஷ் காரையே விலைக்கு வாங்கிக் கழற்றிப் பார்த்தது என்பதையும் சொல்லவேண்டும்.

பத்மினிக்கு அப்படி யாரும் மெனக்கெடவில்லை. டாமியா, ஹசேகவா, ரெவெல் என்று எந்தப் பெரிய கம்பெனியின் கேட்டலாகைப் புரட்டினாலும் அந்தக் கார் கிடையாது. நம் ஊரில் அம்பாசடருக்காவது கடைகளில் பிளாஸ்டிக் வடிவம் உண்டு. பின்னால் இழுத்துவிட்டால் ஓடும். சிலர் அதைப் பிரித்து, உப்புத்தாள் போட்டு, புதுப் பெயிண்ட் அடித்து அசல் போல ஆக்குகிறார்கள். 1960களின் கடைசியில் கல்கத்தாவில் டிங்கியின் பழைய அச்சுகளை வைத்து நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்கள் வார்த்தார்கள். அவையெல்லாம் வெளிநாட்டு மாடல்களின் மறுபிறவி.

ஆக, பத்மினி வேண்டுமென்றால் கையால் செய்யவேண்டும்.

பம்பாய்க்காரர்களுக்கு இந்தக் காரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் 1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்று ஆரம்பித்து, 1970களில் பத்மினி என்று பெயர் மாறி, 2001 வரை தயாரானது. சித்தூர் ராணியின் பெயர் என்பார்கள். தமிழர்களுக்கு நாட்டியப் பேரொளிதான் ஞாபகம் வரும், அதில் தவறில்லை. 1089 சி.சி. என்ஜின், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கியர். பம்பாயில் டாக்சிக்கு இருபது வயதுதான் உச்சவரம்பு. கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-ல் பதிவானது என்பதால் 2023 அக்டோபர் முடிவோடு ஊரின் தெருக்களிலிருந்து அந்த இனமே விடைபெற்றது. பத்திரிகைகள் அதற்கு இரங்கல் எழுதின, இந்தப் பத்தியாளரும் ஒன்று.

நண்பரின் டாக்சி அதற்கு முன்பே போய்விட்டது. ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள ஸ்டாண்டில் நிற்கும் வண்டி. டிரைவர் ஜான்பூர்க்காரர். நண்பரின் மனைவிக்கு வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரி போகவேண்டியிருந்த இரண்டு வருடங்களில் காலை ஆறரைக்குக் கீழே வந்து நிற்பார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்கிறார் நண்பர். அந்த அம்மாள் இப்போது நன்றாக இருக்கிறார், இந்தக் கட்டுரைக்குக் காபி கொடுத்தவர் அவர்தான். 2019 கடைசியில், வண்டியின் இருபது வயது முடிய ஆறு மாதம் இருந்தபோது, நண்பர் இஞ்சு டேப், நோட்டுப் புத்தகத்தோடு ஸ்டாண்டுக்குப் போனார். "வாங்கப் போகிறீர்களா பாபுஜி?" என்று கேட்டாராம் டிரைவர். "அளந்துகொள்ளப் போகிறேன்." மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். இவர் மட்டும் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே 2340 மி.மீ. 24-ஆல் வகுத்தால் 97.5. இப்படி நோட்டில் நாற்பது பக்கம். கிரில்லில் எத்தனை பட்டை, ஜன்னல் ரப்பர் எவ்வளவு அகலம், கேரியரின் எந்தக் குழாய் வளைந்திருக்கிறது. பழைய இயந்திர மீட்டர் முன்கண்ணாடிக்கு வெளியே இடது பக்கம் துருத்திக்கொண்டிருந்த காலம் முடிந்து, உள்ளே எலக்ட்ரானிக் மீட்டர் வந்துவிட்டிருந்தது. வெளியே திருகாணித் துளைகள் மட்டும் மிச்சம். அந்தத் துளைகளையும் எண்ணி எழுதிக்கொண்டார். அலமாரி டாக்சியில் அவை இருக்கின்றன, ஊசி முனையால் குத்தியவை. வருகிறவர்கள் "மீட்டர் வைக்க மறந்துட்டீங்களே" என்கிறார்கள்.

ஊரடங்கில் உடம்பு உருவானது. பேக்கிங் பெட்டி மரத்தில் காரின் வடிவத்தைச் செதுக்கி, மோட்டார் பட்டறையில் செய்வதுபோலவே பட்டி பார்த்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கிக்கொண்டார். அதன் மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தி, அடியிலிருந்து வாக்குவம் கிளீனரால் காற்றை உறிஞ்சினால் தகடு மரத்தோடு ஒட்டி அதே வடிவத்தில் இறுகிவிடும். தகட்டைச் சூடாக்கியது சமையலறை அவனில். அந்த அவனில் அதற்குப் பிறகு கேக் செய்யப்படவில்லை. ஒன்பதாவது தகடுதான் தேறியது. கிரில்லுக்குச் செப்புக் கம்பி. பம்பருக்குச் சமையலறை அலுமினியத் தாளைப் பசை தடவி ஒட்டி, பல்குத்தும் குச்சியால் தேய்த்தது. என்ஜினில் நான்கு ஸ்பார்க் பிளக்குகளுக்கும் போகும் வயர், டெலிபோன் வயரைப் பிரித்து எடுத்த இழை. பானட்டைத் திறந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் அது தெரியும், பானட் திறக்காது. அதாவது முதலில் திறந்தது, பெயிண்ட் அடித்த பிறகு திறக்கவில்லை.

பெயிண்ட்தான் இந்த வேலையின் மர்ம ஸ்தானம். எல்லாவற்றையும் 24-ஆல் வகுத்துவிடலாம், பெயிண்டை வகுக்க முடியாது. நிஜக் காரில் பெயிண்டின் மொத்தத் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதை 24-ஆல் வகுத்தால் வரும் மெலிவில் எந்த ஏர்பிரஷ்ஷாலும் அடிக்க முடியாது. கதவு இடுக்கு நிஜத்தில் 5 மி.மீ. என்றால் மாதிரியில் 0.2. இரண்டு பூச்சு பிரைமர், மூன்று பூச்சு நிறம் என்று போனால் இடுக்கே அடைந்துவிடும். அதனால் இடுக்குகளை முன்கூட்டியே தேவைக்கு மேல் ஆழமாகக் கீறிவைக்க வேண்டும். பொய்தான், பெயிண்ட் விழுந்த பிறகு நிஜமாகிவிடும். உலோகப் பொடி கலந்த நிறங்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். நிஜக் காரின் மினுமினுப்புப் பொடியை அப்படியே போட்டால் 1/24 காரின் மேல் கூழாங்கல் பதித்தாற்போல இருக்கும்.

கறுப்பு டாக்சிக்கு அந்தப் பிரச்னை இல்லை. கறுப்பே பிரச்னை. மாதிரியை ஓர் அடி தள்ளி வைத்துப் பார்க்கிறோம் என்றால், கணக்குப்படி நிஜக் காரை 24 அடி தள்ளி நின்று பார்க்கிறோம். அவ்வளவு தூரத்தில், வெயிலில், தூசியில், எந்தக் கறுப்புக் காரும் கறுப்பாக இருப்பதில்லை; வானம் அதன் மேல் படிந்திருக்கும். டப்பாவிலிருந்து எடுத்த கறுப்பை அப்படியே அடித்தால் கார் பியானோ போல இருக்கும். கொஞ்சம் சாம்பல், ஒரு துளி பழுப்பு கலக்கவேண்டும். எவ்வளவு என்பதற்கு நோட்டுப் புத்தகம் உதவாது. நண்பர் ஸ்பூன் முதுகில் இருபது கறுப்புகளை அடித்துப் பார்த்து வரிசையாக வைத்திருக்கிறார். எனக்கு ஆறுதான் தெரிந்தது.

போதாக்குறைக்கு பம்பாய் மழை. ஈரக்காற்றில் லாக்கர் பெயிண்ட் அடித்தால் தின்னர் சட்டென்று ஆவியாகி மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து, பூசணம் பிடித்தாற்போல வெளுத்துப் பூத்துவிடும். ஒரு ஜூலையில் அவசரப்பட்டதில் முழு உடம்பும் வெள்ளை பூத்து, எல்லாவற்றையும் உரித்துவிட்டு மறுபடி சாம்பல் பிரைமரிலிருந்து தொடங்க நேர்ந்தது. அதிலிருந்து ஜூன் முதல் செப்டம்பர் வரை ஸ்ப்ரே வேலைக்கு விடுமுறை. அந்த மாதங்களில் சீட், மேட், டாஷ்போர்டில் பிள்ளையார்.

இப்போது அந்தக் கதவுக்கு வருகிறேன். எட்டு வருடத்துக்கு முன் பஸ் ஒன்று உரசியதில் டாக்சியின் இடது பின்கதவு நசுங்கியது. குர்லாவில் உடைசலுக்கு வந்த வேறொரு பத்மினியின் கதவை வாங்கி மாட்டினார் டிரைவர். அதுவும் கறுப்புதான், ஆனால் வேறு வெயில் கண்ட கறுப்பு, பழுப்பேறியது. நிழலில் தெரியாது, வெயிலில் நிறுத்தினால் தெரியும். நண்பர் அதையும் நோட்டில் எழுதிவைத்திருந்தார். கதவுக்கு மட்டும் தனிக் கறுப்பு கலந்து, சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்தார். மிகவும் சிரமப்பட்டுச் செய்த வேலை அதுதான். பார்ப்பவர்களுக்கு அது மட்டும்தான் பிழையாகத் தெரிகிறது.

மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் எனக்கு இந்த வலி பரிச்சயம். மூலத்தில் ஒரு பாத்திரம் தப்பும் தவறுமாகப் பேசும். ஆசிரியர் வேண்டுமென்றே அப்படி எழுதியிருப்பார். அதை அப்படியே தமிழில் இறக்கினால், 'மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் தகராறு' என்று கடிதம் வரும். திருத்திவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கடிதத்துக்குப் பயந்து நான் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். அதனாலேயே நண்பரிடம் வீராவேசமாகப் பேசினேன். "யார் என்ன சொன்னாலும் கதவை மாத்தாதீங்க சார். அது அந்த வண்டியோட கையெழுத்து." அவரும் சந்தோஷப்பட்டார்.

போன மாதம் டாக்சியைப் பால்கனி வெயிலில் வைத்து நாலு பக்கமும் படமெடுத்து, ஊருக்குத் திரும்பிவிட்ட டிரைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு குரலாக வந்தது. எனக்கும் போட்டுக் காட்டினார். பின்னணியில் மாடு கத்துகிறது.

"பாபுஜி, நம்ம வண்டிதான். கேரியரின் வளைசல்கூட வந்திருக்கிறது. பீரோ ஏற்றியபோது வளைந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒன்றே ஒன்று. அந்தக் கதவுக்கு மட்டும் நல்ல கறுப்பு அடித்துவிடுங்கள். ஒவ்வொரு வருடமும் பாசிங்குக்குப் போகும்போது அடிக்கவேண்டும் என்று நினைப்பேன், கைக்கும் வாய்க்கும் சரியாகப் போய்விடும். அப்படியே வண்டியும் போய்விட்டது. உங்களிடம்தான் பெயிண்ட் இருக்கிறதே."

நண்பர் போனை மேஜையில் வைத்தார். "என்ன பண்றது, சொல்லுங்க. வண்டி அவரோடது."

நான் காபியைக் குடித்தேன். பேசியதையெல்லாம் வாபஸ் வாங்குவதா, டிரைவருக்கு எதிராக வாதாடுவதா என்று புலப்படவில்லை. எப்படியானாலும் இப்போது ஒன்றும் செய்வதற்கில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, அக்டோபர் வரை ஏர்பிரஷ்ஷைத் தொட முடியாது. இரண்டு கறுப்புகளையும் தனித்தனி மருந்துப் புட்டிகளில் கலந்து, மூடியில் டேப் சுற்றி அலமாரியில் டாக்சிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.