நாரி நோவுக்குத் தாள் கேட்கிறார்கள்: இயந்திர ஓட்டுநர்களின் கோரிக்கை மனு

பெறுநர்: தொழில் அமைச்சர், பாரிஸ்; இல்-து-பிரான்ஸ் மண்டல நோய்க் காப்புறுதி நிதியம் (கிராமிஃப்), பாரிஸ் 19

அனுப்புநர்: லா சப்பல், ரூ காய் பகுதித் தமிழ் இயந்திர ஓட்டுநர்கள், கிடங்குத் தொழிலாளர்களின் சங்கம், பாரிஸ் 10

பொருள்: அதிர்வாலும் உடல் முறுக்காலும் வரும் முள்ளந்தண்டு நோய்

மதிப்புக்குரியீர்,

ரயில் எஞ்சின் செய்த தொழிலதிபர் ஜான் பிரான்சுவா காயின் பெயரைத் தாங்கிய தெரு எங்களுடையது. இங்குள்ள கடைகளுக்கு வரும் அரிசி மூட்டைகள் புறநகர்க் கிடங்குகளில் ‘ஃபென்விக்’ எனப்படும் பாரந்தூக்கி வண்டிகளில் ஏறி இறங்குகின்றன. அவ்வண்டிகளையும், கட்டட வேலைத்தலங்களில் மண் அகழும் இயந்திரங்களையும் ஓட்டுவோர் எங்கள் உறுப்பினர்கள். நாரி நோவுக்குத் தைலம் பூசிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறார்கள்.

பாரந்தூக்கி வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதிர்வுதாங்கி இல்லை. சக்கரமும் காற்றில்லாத திண்ம ரப்பர். தரையின் வெடிப்பும் லாரி ஏற்றுமேடையின் இரும்புத் தகடும் இருக்கை வழியே நேரே முள்ளந்தண்டில் இடிக்கின்றன. உட்கார்ந்திருக்கும் உடலை அதிகம் குலுக்குவது விநாடிக்கு 4 முதல் 8 வரையான அதிர்வுகள். இந்த இயந்திரங்கள் தருவதும் அத்தகைய தாழ் அதிர்வுகளைத்தான். சுமை பார்வையை மறைத்தால் பின்னோக்கி ஓட்ட வேண்டும். அப்போது கழுத்தும் இடுப்பும் முறுகிய நிலையிலேயே அந்தக் குலுக்கலை வாங்குகின்றன.

சட்டம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு ஐரோப்பிய நெறியையொட்டி வந்த 2005 ஆணைப்படி, முழு உடல் அதிர்வு எட்டு மணிநேர அளவில் 0.5 மீ/வி²-ஐத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15-ஐத் தாண்டவே கூடாது. 1999-இல் வந்த தொழில் நோய்களின் 97-ஆம் அட்டவணை அதிர்வால் வரும் முள்ளந்தண்டு நோயைத் தொழில் நோயாக ஏற்கிறது. ஆனால் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியிருக்க வேண்டும். ஐந்து ஆண்டு அதிர்வுக்கு உட்பட்டிருக்கவும் வேண்டும். ‘அந்தெரிம்’ எனப்படும் தற்காலிக வேலை முகவர் வழியாகக் கிடங்கு கிடங்காக மாறுபவர் அந்த ஐந்து ஆண்டை எந்தத் தாளில் காட்டுவார்? சம்பளத் துண்டில் ‘கிடங்குத் தொழிலாளி’ என்று இருக்கலாம். எந்த வண்டியில் எத்தனை மணிநேரம் என்று இராது.

ஆகவே எங்கள் முதற் கோரிக்கை: ஒவ்வொரு தற்காலிக வேலையின் முடிவிலும் ஓட்டிய இயந்திரம், ஓட்டிய மணிநேரம் இரண்டையும் எழுதிய சான்று தொழிலாளியின் கைக்கு வரவேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை.

2017-இல், கடின வேலைக்குப் புள்ளி சேர்க்கும் தொழில்சார் தடுப்புக் கணக்கிலிருந்து அதிர்வும் சிரமமான உடல் தோரணையும் நீக்கப்பட்டன. அவற்றை மீண்டும் சேர்க்க வேண்டும். 2023 ஓய்வூதியச் சீர்திருத்தம் உருவாக்கிய தடுப்பு நிதியத்தை வரவேற்கிறோம். ஆயினும் ஓட்டுநரின் கணக்கில் அது ஒரு புள்ளியும் ஏற்றுவதில்லை.

இருக்கையை அதில் அமர்பவரின் எடைக்கேற்ப ஒவ்வொரு முறைமாற்றத்திலும் சரிசெய்யவும், கிடங்குத் தரையைச் செப்பனிடவும் கிராமிஃப் ஆய்வாளர்கள் வலியுறுத்த வேண்டும். தொழில் மருத்துவரிடம் போகும்போது மொழிபெயர்ப்பாளர் தேவை. பிள்ளையைப் பள்ளியில் இருந்து மறித்துக் கூட்டிப்போய்த் தகப்பனின் வலியைச் சொல்லவைப்பது முறையல்ல.

இவை பற்றி நேரில் பேச, ஓட்டுநர்களும் உடன் வர, ஒரு நேரம் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
சங்க நிர்வாகக் குழு