இரவல் புத்தகம்

பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள் என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2016 ஜூலையில், பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் வழக்கில். நல்ல தீர்ப்புத்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் அது பொருந்தும். மன்னார்ப் பக்கத்து வாசிகசாலை ஒன்றில் இருப்பது ஒரே பிரதி என்று வையுங்கள். கத்தோலிக்கரும் முஸ்லிமும் சைவரும் ஒரே வாங்கில் இருந்து வாசிப்பது. அதை ஒருவர் இரவல் எடுத்துப்போய், மனதுக்கு ஒவ்வவில்லை என்று கிணற்றில் போட்டால்? 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்களோடு அவரைச் சேர்க்கமாட்டேன். அது வேறு கணக்கு. என்றாலும் அடுத்ததாக அந்தப் புத்தகத்துக்குக் காத்திருந்த பிள்ளைக்கு அது இல்லைத்தானே. தணிக்கை என்ற சொல் பெரிதென்றால் களவு என்று சொல்லுங்கள், எனக்குச் சம்மதம். அவ்வளவு கோபமென்றால் உள்ளட்டையில் பென்சிலால் ‘முழுப் பொய்’ என்று எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும். பிள்ளை அதையும் சேர்த்து வாசிக்கும்.