மூன்றாம் மாதத்திலேயே விரல் எண்ணலாம்

"மூணாம் மாச ஸ்கேன்ல கை கால் எங்கே தெரியப்போகுது? அஞ்சாம் மாசம் பார்த்துக்கலாம்." பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதை நம்பி மூன்றாம் மாத என்.டி. ஸ்கேனைத் தவிர்க்கும் பெண்களுக்காகவே எழுதுகிறேன்.

தெரியாது என்பதே தவறு. எட்டாவது வாரத்தில் மொட்டுகளாகத் தெரியும் கை கால்கள், பன்னிரண்டாவது வாரத்துக்குள் விரல் விரலாகப் பிரிந்துவிடும். அப்போது உச்சி முதல் பிட்டம் வரை சிசுவின் நீளம் ஐந்தாறு சென்டிமீட்டர்தான். முழு உடலும் ஒரே திரையில் அடங்கும். கைகளும் பெரும்பாலும் விரிந்தே இருக்கும். ஐந்தாம் மாதத்திலோ சிசு முஷ்டியை மூடிக்கொள்ளும், ஒரு கை உடலுக்கடியில் மறைந்துவிடும். முன்கையோ பாதமோ இல்லாததைப் பழகிய கண் 11 முதல் 14 வாரத்துக்குள்ளேயே பிடித்துவிட முடியும்.

"ரெண்டு மாசம் தள்ளிப்போனா என்ன?" என்பார்கள். முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு இல்லாவிட்டால், கோளாறு கையோடு நிற்காமல் போகலாம். இதயக் குறை, குரோமோசோம் கோளாறு, பின்னாளில் எலும்பு மஜ்ஜை செயலிழக்கும் ஃபேன்கோனி நோய் ஆகியவற்றுக்கு அது அடையாளமாக இருக்கக்கூடும். நஞ்சுக்கொடியிலிருந்து திசு எடுத்தோ, 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீர் எடுத்தோ சோதிக்க வேண்டும். சில முடிவுகள் வர வாரக்கணக்காகும். 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வரை குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும், இருவர் கருத்தோடு. அதற்கு மேல், கடுமையான குறை என்று மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும். இருபதாவது வாரத்தில் செய்தி கேட்கும் தாய்க்கு அழக்கூட நேரமிருக்காது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: "மூணாம் மாசமே நார்மல்னு சொல்லிட்டாங்க, இனி எதுக்கு?" குள்ளத்தன்மை தரும் அகான்ட்ரோபிளேசியாவில் தொடையெலும்பு குட்டையாவது பெரும்பாலும் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகே அளவில் தெரியும். ஆகவே ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேனும் வேண்டும், தேவைப்பட்டால் அதற்குப் பிறகும் பார்க்க வேண்டும்.

என்னை அதிகம் வருத்துவது இன்னொரு வாதம்: "குறைன்னு தெரிஞ்சா கலைக்கத்தானே போறாங்க?" பிறவி வளைபாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வருவது. அயோவாவில் இக்னேசியோ பொன்செட்டி உருவாக்கிய முறையில், பிறந்த சில வாரங்களிலேயே வாரம் ஒருமுறை மாவுக்கட்டு மாற்றி, பெரும்பாலும் குதிகால் தசைநாணை வெட்டிவிட்டு, நான்கு வயதுவரை தூங்கும்போது பிரேஸ் போடுகிறார்கள். பெரும்பாலான குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். மூன்றாம் மாதத்தில் திரும்பித் தெரியும் பாதம் வெறும் படுக்கை நிலையாகவும் இருக்கலாம் என்பதால், மறுபடி பார்க்காமல் அதை யாரும் முடிவாகச் சொல்லக்கூடாது. ஆறாவது விரலோ பல குடும்பங்களில் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே வருவது. முன்கூட்டித் தெரிந்த பெற்றோர், பிரசவத்துக்கு முன்பே எலும்பு மருத்துவரைப் பார்த்துப் பேசிவிடலாம். பிரசவ அறையில் "கிரகணத்தன்னிக்கு வெளியே போனாளே" என்று தாயைக் குத்தும் பேச்சுக்கும் இடமிருக்காது.

ஸ்கேன் அறையில் எதையும் கேட்கக்கூடாது என்று பலர் வாய்மூடி இருக்கிறார்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத்தான். "ரெண்டு கையும் ரெண்டு காலும் விரலும் பார்த்தீங்களா டாக்டர்?" என்று தாராளமாகக் கேட்கலாம்.