ஆம்பூர் புகட்டும் பாடம்

ஒரு கட்சியின் தலைவர்கள் தமக்குள் பிணங்குவதும், பின்னர்ப் பதவிகளைப் பகிர்ந்துகொண்டு இணங்குவதும் அரசியலில் புதுமையல்ல. அவர்கள் செய்துகொள்ளும் ராஜியில் வாக்காளருக்கு என்ன ஸ்தானம் என்பதே நாம் ஆராயவேண்டிய விஷயம். இதற்கு விடை தேடிச் சென்னைக் கோட்டைக்குப் போகவேண்டியதில்லை. தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்போன ஆம்பூருக்கும், அதை அடுத்த குடியாத்தத்துக்கும் போனால் போதும்.

நடந்ததை நினைவுகூர்வோம். 2016 டிசம்பர் 5-ந் தேதி செல்வி ஜெயலலிதா காலமானார். அடுத்து முதல் மந்திரியான ஸ்ரீ ஓ. பன்னீர்செல்வம் 2017 பிப்ரவரி 5-ல் ராஜிநாமாக் கொடுத்தார். இரண்டே நாட்களில் கட்சித் தலைமையை எதிர்த்துக் கிளம்பினார். பிப்ரவரி 16-ல் ஸ்ரீ எடப்பாடி பழனிசாமி முதல் மந்திரியானார். இரண்டு நாள் கழித்துச் சட்டசபையில் அவர் கோரிய நம்பிக்கைத் தீர்மானம் 122-க்கு 11 வோட்டுகளால் நிறைவேறிற்று. எதிர்த்த 11 பேரும் ஸ்ரீ பன்னீர்செல்வத்தின் கோஷ்டியினர். ஆகஸ்ட் 21-ல் இரு கோஷ்டிகளும் ராஜியாயின. ஸ்ரீ பன்னீர்செல்வம் துணை முதல் மந்திரியும் கட்சியின் ஒருங்கிணைப்பாளரும் ஆனார். ஸ்ரீ பழனிசாமி முதல் மந்திரியாக நீடித்து, கட்சியில் இணை ஒருங்கிணைப்பாளர் ஆனார்.

மறுநாளே, ஸ்ரீ டி. டி. வி. தினகரனை ஆதரித்த 19 அங்கத்தினர்கள் முதல் மந்திரியிடம் தங்களுக்கு நம்பிக்கையில்லை என்று கவர்னரிடம் கடிதம் கொடுத்தனர். ஒருவர் திரும்பி வந்துவிட்டார். மற்ற 18 பேரின் ஸ்தானங்களைச் சபாநாயகர் செப்டம்பர் 18-ல் பறித்தார். அன்றைய வேலூர் ஜில்லாவைச் சேர்ந்த ஆம்பூர், குடியாத்தம், சோளிங்கர் ஆகிய மூன்று தொகுதிகளும் அவற்றில் அடங்கும்.

கட்சி விட்டுக் கட்சி தாவுவோரிடம் நமக்கு அனுதாபம் கிடையாது. ஆயினும், சபையிலேயே மந்திரிசபைக்கு எதிராகக் கை தூக்கிய 11 பேரின் ஸ்தானங்கள் நிலைத்தன. கடிதம் கொடுத்த 18 பேரின் ஸ்தானங்கள் போயின. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று ஜனங்கள் நினைத்தால் அவர்களைக் குறை கூற முடியுமா?

சபாநாயகரின் உத்தரவு செல்லும் என்று ஹைக்கோர்ட்டு 2018 அக்டோபர் 25-ல் தீர்ப்பளித்தது வாஸ்தவமே. ஆனால் அத்தீர்ப்பு வருவதற்குள் 13 மாதங்கள் சென்றுவிட்டன. முதலில் விசாரித்த இரு நீதிபதிகளும் மாறுபட்டனர். மூன்றாமவர் முடிவு கூற வேண்டியதாயிற்று. வழக்கு நடக்கும்வரை உப தேர்தலுக்குத் தடை. காலியான ஸ்தானத்தை 6 மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்ற சட்டம் ஏட்டோடு நின்றது. 2019 ஏப்ரல் 18-ல் வோட்டெடுப்பு, மே 23-ல் முடிவு. ஆக 20 மாதங்கள் ஆம்பூருக்குச் சட்டசபையில் நாவில்லை. பாலாற்றின் கழிவு நீர், சிறு தோல் வியாபாரிக்குப் புதிதாய் வந்த ஜி.எஸ்.டி. வரி, ஷூ கம்பெனிகளில் உழைக்கும் பெண்களின் கூலி என்று பேச விஷயங்கள் ஏராளம். பேசப் பிரதிநிதி இல்லை.

இது போதாதென்று, பெருந்தொகை பிடிபட்டதன் பேரில், வேலூர்ப் பார்லிமெண்டுத் தேர்தல் வோட்டெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு ரத்தாயிற்று. சட்டசபைக்கு மட்டும் வோட்டளித்த ஆம்பூரார், பார்லிமெண்டுக்காக ஆகஸ்ட் 5-ல் மறுபடியும் வரிசையில் நின்றனர். குற்றம் யாருடையதாயினும் தண்டனை வாக்காளருக்கே!

சந்தர்ப்பம் வந்தபோது வாக்காளர் தம் அபிப்பிராயத்தைத் தெளிவாகவே கூறினர். ஆம்பூரும் குடியாத்தமும் எதிர்க்கட்சியான தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தன, சோளிங்கர் ஆளும் கட்சியையே ஆதரித்தது. பதவியிழந்த 18 பேரில் ஒருவர் மட்டுமே மீண்டும் ஜெயித்தார். தலைவர்களின் பேரம் வேறு, தமது தீர்ப்பு வேறு என்பதை ஜனங்கள் காட்டிவிட்டார்கள்.

அந்த ராஜியாவது நிலைத்ததா? 2022 ஜூலை 11-ல் கட்சியின் பொதுக்குழு இரட்டைத் தலைமையை ஒழித்து ஸ்ரீ பன்னீர்செல்வத்தை விலக்கிற்று. பதவிகளை மட்டும் பங்கிட்ட சமாதானம், பங்கிடப் பதவி குறைந்ததும் குலைந்தது. வட அயர்லாந்தைப் பாருங்கள். முப்பது வருஷக் காலம் இரத்தம் சிந்திய இரு சாராரும் 1998 ஏப்ரலில் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டபோது, மே மாதத்திலேயே அவ்வுடன்பாட்டை ஜனங்களின் வோட்டுக்கு விட்டனர்; நூற்றுக்கு 71 பேர் சம்மதித்தனர். அவர்களுடைய மந்திரிசபை பலமுறை முடங்கிய போதிலும் உடன்பாடு அழியவில்லை. அதன் வேர் ஜனங்களிடம் இருக்கிறது.

நாம் கோருவது இரண்டு. கட்சி தாவும் வழக்குகளைத் தீர்மானிக்கும் அதிகாரம், ஒரு கட்சியின் டிக்கட்டில் ஜெயித்து வந்த சபாநாயகரிடம் இருத்தலாகாது. சுயேச்சையான நியாயசபை ஒன்றை நியமிப்பது பற்றிப் பார்லிமெண்டு யோசிக்கவேண்டும் என்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே கூறியிருக்கிறது. இரண்டாவதாக, இத்தகைய வழக்குகள் ஆறு மாதத்துக்குள் முடிவு காணவேண்டும் என்று சட்டத்திலேயே விதிக்கவேண்டும்.

தலைவர்கள் சண்டையிடட்டும், சமாதானமாகட்டும்; அது அவர்கள் இஷ்டம். ஆனால் அவர்கள் பகிர்ந்துகொள்ளும் அதிகாரம் ஜனங்கள் கொடுத்து வைத்த அடைக்கலப் பொருள். அதைப் பங்கிடும்போது கொடுத்தவனைக் கேளாதிருப்பது தர்மமாகாது. வோட்டுக் கேட்டு வருகிறவர் எக்கட்சியினராயினும், இவ்விரண்டையும் ஆதரிப்பாரா என்று ஆம்பூர் வாக்காளர் முதலில் கேட்கட்டும். பதிலைக் கேட்ட பிறகு வோட்டைப் பற்றி யோசிக்கட்டும்.