ஏழு வீட்டுப் பூனை

எங்கள் தெரு குடியிருப்போர் நலச் சங்கத்தில் புகார் எழுதுவதற்கென்று ஒரு நீள நோட்டு உண்டு. அது இருப்பது என் வீட்டில். மின்துறையில் பில் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் என்பதால், கோபத்தோடு வருகிறவர்களைச் சமாளிக்கத் தெரியும் என்று நம்பி என் தலையில் கட்டிவிட்டார்கள். சாக்கடை அடைப்பு, எரியாத தெருவிளக்கு, வராத குப்பை வண்டி எல்லாம் வழக்கமான புகார்கள். எழுதிப் புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சிக்கு அனுப்பினால் இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள். பூனைப் புகாருக்கு மட்டும் அனுப்ப இடமில்லை. அது தெருவிலேயே கிடந்து புளித்து, கடைசியில் இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சு நின்றுபோவதில் முடிகிறது.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது சில்லறை விவகாரமாகத் தெரியலாம். தவணை முடியாத ஸ்கூட்டியின் சீட்டைப் பிராண்டிக் கிழித்துவிட்டது. வீடு கட்டக் கொட்டிய எம்-சாண்ட் குவியலைக் கக்கூஸ் ஆக்கிவிட்டது, கொத்தனார் கை வைக்க மாட்டேன் என்கிறார். மாடியில் காயவைத்த கருவாட்டில் பாதியைக் காணோம். பந்தயப் புறா வளர்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். கூண்டுக் கம்பிக்குள் கை விட்டுப் புறாவை இழுத்த பூனை எந்த வீட்டில் பால் குடிக்கிறது என்று அவர் விசாரித்துக்கொண்டே வந்த அன்று கைகலப்பு நடக்காமல் போனது எங்கள் தெருவின் அதிர்ஷ்டம். இரவு ஒரு மணிக்கு இரண்டு கடுவன்கள் சன்ஷேடில் எதிரெதிரே நின்று கைக்குழந்தை மாதிரி அலறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ பரீட்சை எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

எல்லாவற்றிலும் கடுமையான புகார் வாடைதான். கடுவன் தன் எல்லையைக் காட்டப் பீச்சும் மூத்திரம் வாசல் சுவரில் ஏறிவிட்டால் பினாயில் ஊற்றினாலும் போகாது. எங்கள் பகுதியில் இப்போது வாடை என்றால் வெறும் அருவருப்பு மட்டுமல்ல. 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவுநீர்க் குழாயிலிருந்து விஷவாயு கழிப்பறை வழியாக வீட்டுக்குள் ஏறி, இரண்டு பெண்களும் ஒரு பள்ளி மாணவியும் செத்துப்போனார்கள். அன்றிலிருந்து யாராவது “என்னமோ வாடை வருதே” என்றால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். தேடிப் பார்த்தால் பூனை மூத்திரம். அந்த நிம்மதி இரண்டு நிமிடம் இருக்கும். அப்புறம் சண்டை.

சண்டையின் மையத்தில் இருப்பவர் கடைசி வீட்டு அம்மா. எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். காலையில் மீன்காரம்மா அவர் வாசலில் கூடையை இறக்கும்போதே மதில் மேலும் கார் அடியிலும் வால்கள் முளைத்துவிடும். சங்கராவின் குடலும் மத்தித் தலையும் அவற்றின் பங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீன் விலை ஏறும், கூடைக்காரம்மா வருவதும் குறைந்துவிடும். அந்த 61 நாட்களில்தான் என் நோட்டில் பூனைப் பக்கம் நிரம்புகிறது. பசித்த பூனை ஜன்னல் வழியாக அடுப்படிக்குள் இறங்குகிறது. கடலில் போட்ட தடை எங்கள் தெருவில் பாத்திரம் உருளும் சத்தமாக வந்து முடியும் என்று மீன்வளத் துறைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

“வாயில்லா ஜீவன்மா. ஒரு பிடி சோறு வைக்கிறேன். அதுக்காக அது என் பூனையாயிடுமா?” என்பது அந்த அம்மாவின் வாதம். “சோறு வைக்கிறவங்க பூனைதான் அது. சீட்டுக்கு அவங்களே காசு குடுக்கட்டும்” என்பது எதிர்வீட்டு வாதம். பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் பஞ்சாயத்துக்கும் ஏழு வீட்டார் வந்து உட்கார வேண்டும். குட்டிகளைக் கொஞ்சிப் போட்டோ எடுக்க ஏழு வீட்டாரும் உண்டு. சீட்டு கிழிந்த அன்று அந்த அம்மா ஒருவர்தான் மிஞ்சுகிறார்.

இந்த வழக்குக்கு நம்மிடம் ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறது: கோணிப்பை. பிடித்துப் பையில் போட்டு, வாயைக் கட்டி, வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வில்லியனூர் பக்கம் சங்கராபரணி ஆற்றங்கரையிலோ, பெரிய மார்க்கெட் மீன்கடைப் பக்கமோ விட்டுவிட்டு வருவது. ஆண்கள் இதை ஏதோ சூரசம்ஹாரம் முடித்து வந்த மாதிரி சொல்வார்கள். நடப்பது என்னவென்றால், தாய்ப்பூனை ஆற்றங்கரையில், அதன் குட்டிகள் யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ மூன்று நாள் கத்திவிட்டு அடங்கும். பெரிய பூனையென்றால் பாதி நேரம் திரும்பி வந்துவிடும். வராவிட்டாலும் சோறு கிடைக்கும் இடம் காலியாக இருக்காது, பின் தெருக் கடுவன் வந்து குடியேறும். புதிதாக வந்தவன் தன் எல்லையைக் காட்ட எல்லாச் சுவரிலும் பீச்சுவான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, விலங்கைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கக் கைவிடுவது குற்றம். முதல் தடவை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தக் காசுக்கு இன்று ஒழுங்காக டிபன் சாப்பிட முடியாது. விஷம் வைப்பவர்களுக்குக் கதை வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில், விலங்கைக் கொன்றாலோ விஷம் வைத்தாலோ முடமாக்கினாலோ ஐந்தாண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டம் அந்த விலங்கு பத்து ரூபாய் பெறுமா, ஐம்பது ரூபாய் பெறுமா என்று பார்த்துத் தண்டனையை நிர்ணயித்தது. புதியதில் அந்த விலைப்பட்டியல் இல்லை. நெத்திலியில் எலி மருந்து கலந்து வைக்கலாமா என்று என்னிடமே யோசனை கேட்டவர்கள் இந்தப் பத்தியை வெட்டி வைத்துக்கொள்ளட்டும்.

இனி கடைசி வீட்டு அம்மாவிடம் வருகிறேன். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அவர் செய்வது பாதி வேலைதான். பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைக்குத் தயாராகிவிடும். சினைக்காலம் ஒன்பது வாரம். ஒரு ஈட்டில் சராசரியாக நாலு குட்டி, அவை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். நல்ல சாப்பாடு கிடைத்தால் இதெல்லாம் இன்னும் சுறுசுறுப்பாக நடக்கும். கருத்தடை செய்யாமல் சோறு மட்டும் வைப்பது, பிறந்து பாதி வண்டிச் சக்கரத்திலும் மீதி கோணிப்பையிலும் போகப்போகிற குட்டிகளை உற்பத்தி செய்வதுதான். இதை நான் நேரில் சொன்னபோது அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எழுத்திலும் சொல்லிவிடுகிறேன்: சோறு வைப்பவர்தான் கருத்தடைக்கு முதல் பொறுப்பாளி. பணத்துக்கு மட்டும் அவர் ஒருவர் பொறுப்பல்ல, ஏழு வீடும் பொறுப்பு.

கருத்தடை செய்தால் என் நோட்டில் பாதிப் பக்கம் காலியாகும் என்பது கற்பனையில்லை. ஆண் பூனைக்கு அறுவை செய்துவிட்டால் பீச்சுவதும் இரவுச் சண்டையும் பெருமளவு குறைந்துவிடும். வாடை, சத்தம், குட்டி மூன்றும் அதோடு பெரும்பாலும் அடங்கும். ஸ்கூட்டி சீட்டுக்கு உறை போட வேண்டியதுதான். மணலுக்குத் தார்ப்பாய் போடலாம். புறாக் கூண்டுக்கு இரட்டை வலை அடிக்கும் செலவைத் தம்பிதான் ஏற்க வேண்டும், அவர் வளர்ப்பது அவர் பொறுப்பு. அவர் என்னை அடிக்க வராமல் இருந்தால் சரி.

வெளியே இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். அவர்களுக்குப் பென்ஷன் தரும் பிரான்சில் 1999இல் வந்த சட்டம் இதற்கு நேர்வழி சொல்கிறது: சொந்தக்காரர் இல்லாமல் கூட்டமாகத் திரியும் பூனைகளை மேயர் பிடிக்கச் செய்து, கருத்தடை செய்து, அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விடச் செய்யலாம். சிங்கப்பூர் வேறு வழி போனது. 1989 முதல் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் பூனைக்குத் தடை இருந்தது. தடையை மீறி வளர்த்தவர்கள் எத்தனையோ பேர், நம் தமிழ்க் குடும்பங்களும் அதில் அடக்கம். கடைசியில் 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனை வரை அனுமதித்தார்கள். உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். 35 ஆண்டு தடை போட்டும் பூனை போகவில்லை என்பதை அந்தக் கண்டிப்பான ஊரே ஒப்புக்கொண்ட பிறகு, ரெட்டியார்பாளையத்துக் கோணிப்பையா சாதிக்கப் போகிறது?

நம் நாட்டிலும் விதி இல்லாமலில்லை. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளில் 20ஆவது விதி, சமூக விலங்குகளுக்கு உணவு வைக்க இடம் ஒதுக்கும் வேலையைக் குடியிருப்போர் சங்கத்திடமே தருகிறது. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் பக்கம் கூடாது. தகராறு வந்தால் கால்நடை அதிகாரி, காவல்துறை, உணவு வைப்பவர், புகார் சொல்பவர் எல்லாரையும் வைத்துக் குழு அமைத்து முடிவு செய்ய வேண்டும். எழுதியவர்கள் மனதில் நாய்தான் இருந்திருக்கிறது என்பது படித்தாலே தெரியும், ஆனாலும் சமூக விலங்கு என்பதற்குள் தெருப்பூனையும் வரும். எங்கள் சங்கத்தில் இந்த விதியைப் படித்தவர் ஒருவர்கூட இல்லை. மற்றச் சங்கங்களிலும் இப்படித்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதும், 22ஆம் தேதி அதை மாற்றியதும் டீக்கடை வரை பேசப்பட்டது. நாய் கடிக்கிறது, அதனால் நாட்டுக்கே தெரிகிறது. பூனைக்கு அந்த மரியாதை கிடையாது. ஆனால் பூனைக்கும் வெறிநோய் வரும். பூனை பிராண்டினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கருத்தடைக்குப் பிடிக்கும்போதே தடுப்பூசியும் போட்டுவிடலாம் என்பது இன்னொரு வசதி. அதே மூச்சில் ஒன்று: கர்ப்பிணி உள்ள வீட்டிலிருந்து பூனையை விரட்ட வேண்டும் என்று மாமியார்கள் சொல்வது தேவையற்ற பயம். பூனைக் கழிவில் உள்ள கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் வேறு யாராவது அள்ளிப் போட்டால், கறியை நன்றாக வேகவைத்தால், தோட்ட மண்ணைத் தொட்ட கையைக் கழுவினால் போதும்.

பூனைப் பிரியர்கள் இதுவரை என் பக்கம் இருந்தால், இந்த இடத்தில் விலகிவிடலாம். சொந்தமாக வளர்க்கிறவர்கள் பூனையை வெளியே திரிய விடக் கூடாது என்பது என் கட்சி. “பூனைன்னா ஊர் சுத்தத்தானே செய்யும்” என்பது சோம்பேறித்தனத்துக்குச் சொல்லும் சாக்கு. அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்வதாக 2013இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம் ஊரில் அப்படிக் கணக்கெடுக்க ஆள் வேண்டாம், முருங்கை மரத்தடியில் கிடக்கும் அணில் வாலும் தவிட்டுக்குருவி இறகும் போதும். பெர்சியன் என்று காசு கொடுத்து வாங்கி, முடியில் சடை விழுந்ததும் தெருவில் விடுகிறவர்களுக்கு 50 ரூபாய் அபராதம் அநியாயக் குறைவு. மறுபக்கம், அன்பின் பேரால் அளவு தாண்டுவதும் உண்டு. புனேயின் ஹடப்சரில் 2025 பிப்ரவரியில் ஒரே அடுக்குமாடி வீட்டில் 300க்கும் மேற்பட்ட பூனைகள் இருந்தது தெரிந்து, மாநகராட்சி 48 மணி நேர நோட்டீஸ் கொடுத்தது. கருத்தடை இல்லாத கருணை எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பணம் இல்லை என்று நகராட்சி சொல்லும். மத்திய அரசின் திருத்திய திட்டத்தில் கருத்தடைக்கு நாய்க்கு 800 ரூபாயும் பூனைக்கு 600 ரூபாயும் உதவி உண்டு. மும்பை மாநகராட்சி 2019 முதலே தெருப்பூனைக்கும் கருத்தடை செய்கிறது. எங்களுக்கோ குரும்பாப்பேட்டில், ஆட்டோவில் எட்டிவிடும் தூரத்தில், ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அறுவை பழக வேண்டிய மாணவர்கள் அங்கே, அறுவை தேவைப்படும் பூனைகள் இங்கே. நடுவில் இல்லாதது ஒரு பொறிக்கூண்டும், அதைத் தூக்கிப்போக ஒரு வண்டியும், இது என் வேலை என்று சொல்லும் ஒரு அதிகாரியும்தான்.

உழவர்கரை நகராட்சி ஆணையருக்கு இந்தக் கட்டுரையையே மனுவாக வைக்கிறேன். நாய்களுக்கான கருத்தடைத் திட்டத்தில் பூனையையும் சேருங்கள், கால்நடைக் கல்லூரியோடு பேசி மாதம் இரண்டு நாள் ஒதுக்குங்கள், பூனைப் புகாருக்கென்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவியுங்கள். கருத்தடை முடிந்த பூனையின் காது நுனியைக் கொஞ்சம் வெட்டி அனுப்பினால், எது முடிந்தது எது பாக்கி என்று தெருவில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எங்கள் தெருவில் வீட்டுக்கு நூறு ரூபாய் வசூலிக்க நான் தயார். எதிர்வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார், புறாத் தம்பி யோசிக்கிறார். பூனைகள் கடைசி வீட்டு அம்மா கூப்பிட்டால் மட்டும்தான் வரும், அதனால் கூண்டுக்குள் மத்தித் தலை வைக்கிற பொறுப்பு அவருக்கு. கூண்டை இரவில் வைக்க இடம் வேண்டுமென்றால் என் வீட்டுப் போர்டிகோ காலியாகத்தான் இருக்கிறது.