அக்டோபர் 2: எதற்குக் கை தூக்குவது?

காந்தி ஜெயந்தி வருகிறது. அன்று கிராம சபை. நம் வயதுக்காரர்களில் பாதிப்பேர் செய்யப்போவது எனக்குத் தெரியும்: நோட்டில் ஒரு கையெழுத்து, ஒரு டீ, வீடு. கேட்டால், "நாம கை தூக்கி என்ன சார் ஆகப்போகுது?" என்பார்கள்.

இதை மேலூர்ப் பக்கம் போய்ச் சொல்லிப் பாருங்கள். 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் போனதாக அறிவிப்பு வந்தது. ஏறக்குறைய 5,000 ஏக்கர். மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டியின் நிலமும் அதில் அடக்கம். அதே மாதம் 23-ஆம் தேதி கிராம சபைகளில் 'சுரங்கம் வேண்டாம்' என்று தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஜனவரி 7-இல் தல்லாகுளம் வரை ஊர்வலம். 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்து.

"ஊர்வலத்துக்குப் பயந்துதான் ரத்து செய்தார்கள், தீர்மானத்துக்கு அல்ல" என்பார் சிலர். இருக்கட்டும். ஊர்வலம் கலைந்துவிடும், மினிட்ஸ் நோட்டில் ஏறியது கலையாது. நாளைக்கு வேறொரு கம்பெனி வந்தாலும் எடுத்துக்காட்ட அந்தக் காகிதம் இருக்கிறது.

இன்னொன்று. நம் மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத ஊரில் ஜனங்களுக்கு மிச்சம் இருப்பது கிராம சபை ஒன்றுதான்.

என் சிபாரிசுகள் இவை.

வரவு செலவை வாய்விட்டு வாசித்த பிறகே ஒப்புதல் என்ற தீர்மானம்: கை தூக்குங்கள்.

கண்மாய், வரத்துக்கால், புறம்போக்கை அளந்து கல் ஊன்றும் தீர்மானம்: இரண்டு கையையும் தூக்குங்கள். ஆக்கிரமித்தவர் நம் பங்காளியாக இருந்தாலும்தான்.

அடுத்த சபையைக் காலனியில் நடத்தும் தீர்மானம்: கட்டாயம் தூக்குங்கள். சபையை ஊராட்சியின் ஒவ்வொரு குடியிருப்பிலும் மாற்றி மாற்றி நடத்த வேண்டும் என்பதுதான் விதி. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலித் தலைவர் வரக்கூடாது என்றே 1996 முதல் பத்து வருஷம் தேர்தலை நடக்கவிடாமல் செய்த மாவட்டம் இது. 2006-இல்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. அந்த அவமானத்தைப் பார்த்தவர்கள் நாம். காலனித் தெருவில் பாய் விரித்து உட்கார நமக்கென்ன கூச்சம்?

'இதர பொருள்கள்' என்று கடைசியில் மொத்தமாக நீட்டும் தீர்மானம்: தூக்காதீர்கள். ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்.

வெற்று நோட்டில் கையெழுத்து: போடவே போடாதீர்கள். கூட்டம் செல்ல இத்தனை பேர் வேண்டும் என்று கணக்கு உண்டு. டீ குடித்துவிட்டுப் போன உங்கள் கையெழுத்துதான் அந்தக் கணக்கை நிரப்புகிறது. நீங்கள் காதால் கேட்காத தீர்மானமெல்லாம் உங்கள் பேரில்தான் நிறைவேறுகிறது.

பென்ஷன் ஒரு நாள் தாமதமானால் டிரஷரிக்கு நாலு தடவை போன் போடுகிறோம். ஊர்க் கண்மாய்க்காக ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருக்க மாட்டோமா? மூட்டுவலி இருந்தால் ஒரு நாற்காலி கேளுங்கள், தருவார்கள். கடைசித் தீர்மானம் வரைக்கும் எழுந்திருக்காதீர்கள்.