‘பழகிவிடும்’ என்னும் பூச்சாண்டி

மார்பில் தோன்றிய புற்று முதுகெலும்பு வரையில் பரவி, புரண்டாலும் வலி, புரளாமற் கிடந்தாலும் வலி என்று இரவு பகலாகத் துடித்துக்கொண்டிருந்த என் உறவினரான ஒரு மூதாட்டியின் பொருட்டு, அவருடைய மகன் சென்ற மாதம் நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில் டாக்டரின் அறை வாசலில் நெடுநேரம் காத்திருந்து, உள்ளே போய், “டாக்டர், அம்மா ராத்திரி பூரா கத்துறாங்க. நீங்க குடுத்த மாத்திரை கேக்கவே மாட்டேங்குது. இதைவிட வீரியமா ஏதாவது எழுதிக் குடுங்க” என்று மன்றாடினார். “வீரியமானது இருக்குப்பா. ஆனா அது மார்ஃபின், போதை மருந்து. பழகிடுச்சுன்னா விட முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க” என்று பதில் வந்தது. எழுபது பிராயம் கடந்தவளும், இனி ஆயுள் சில மாதங்களே என்று அதே வைத்தியரால் சொல்லப்பட்டவளுமான ஒரு தாய், அந்தச் சில மாதங்களுக்குள் போதைக்கு அடிமையாகிவிடக்கூடும் என்பதற்காக அவளை அலறவிட்டார்கள்! இதைக் கேட்டது முதல் எனக்கு உண்டான கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்ற விருப்பமும் எனக்கில்லை.

இது ஒரு வைத்தியரின் தனிப்பட்ட பிசகு என்றால் அவரைக் கண்டித்துவிட்டு வேறு காரியம் பார்க்கலாம். ஆனால் மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டவுடன் குரலைத் தாழ்த்துகிற மருந்துக்கடைக்காரரும், “அதெல்லாம் கடைசி நேரத்துல குடுக்கிறது” என்று பயமுறுத்துகிற பக்கத்து வீட்டுக்காரரும், நோயாளி வலிக்கிறது என்று இரண்டாம் முறை சொன்னால் அவர் ஊசிக்கு ஏங்குகிறார் என்று சந்தேகிக்கிற வார்டு ஊழியரும், வலியால் கதறுகிற தகப்பனாரைப் பார்த்துக்கொண்டே “அந்தப் பழக்கம் மட்டும் வேண்டாம்” என்று தீர்ப்புச் சொல்கிற படித்த பிள்ளைகளும் ஒரே நம்பிக்கையின் பல முகங்கள்தாம். வலிக்கு அபினி வகை மருந்து கொடுத்தால் நோயாளி போதையடிமையாவான் என்ற இந்த அபிப்பிராயம், ஆராய்ந்து பெற்ற முடிவன்று. வாய்வழியாகப் பரவி, வெள்ளைக் கோட்டு அணிந்ததனாலேயே சாஸ்திரம் என்று மதிக்கப்படுகிற வெறும் பீதி.

இத்தனை பீதிக்கு உள்ளான மருந்துதான் என்ன? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மருந்துக்கடை உதவியாளராக இருந்த செர்ட்யூர்னர் என்ற இளைஞர் அபினியிலிருந்து பிரித்தெடுத்த சத்து அது. கடும் வலிக்கு அதனினும் நம்பத்தக்க மருந்துகள் வெகு சிலவே. 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்னும் நோயாளர் பராமரிப்பு இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், வலி வந்து நோயாளி கெஞ்சிய பிறகு மருந்து கொடுப்பதை விட்டு, வலி திரும்புவதற்கு முன்பே மணிக்கணக்குப்படி வாய்வழியாகக் கொடுத்துவந்தால் நோயாளி தெளிவோடு உட்கார்ந்து உண்ணவும் உறவினரோடு பேசவும் முடியும் என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டினார். 1986-இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு ஒரு படிமுறை வகுத்தது. சாதாரண வலிமாத்திரை முதற்படி. அது போதாவிட்டால் மிதமான அபினி வகை மருந்து. அதுவும் போதாவிட்டால் மார்ஃபின். சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும், மலச்சிக்கலுக்கு உடனே இளக்கி சேர்க்க வேண்டும், அளவைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும் என்பவையெல்லாம் ஒரு மாணவன் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளத்தக்க விதிகள். முதற்படியிலேயே நோயாளியை நிறுத்திவைத்து, மேற்படிகள் இருப்பதை மறைப்பவரை என்னவென்று சொல்வது?

அண்டை மாநிலமான கேரளத்துக் கோழிக்கோட்டுக்கு அவர்களை ஒரு முறை அனுப்பிவைக்க வேண்டும். அங்கே 1993-இல் ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகிய வைத்தியர்களும் அவர்களுடைய நண்பர்களும் தொடங்கிய வலிநிவாரண சங்கம், மார்ஃபின் மாத்திரையை நோயாளிகளிடமே கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. காவலுக்கு ஆள் வைக்கவில்லை. ஏழை வீட்டு அலமாரியில், தலையணைக்கடியில், அரிசிப்பானைக்குப் பக்கத்தில் அந்த மாத்திரைகள் இருந்தன. இரண்டு ஆண்டுக் காலத்தில் அவ்வாறு மார்ஃபின் பெற்ற 1,723 பேரைப் பற்றிய விவரம் 2001-இல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. மருந்தை எவரும் தவறாக உபயோகித்ததாகவோ, அது வெளியார் கைக்குப் போனதாகவோ ஒரு சம்பவங்கூட அறியப்படவில்லை. 1,723 பேர்! “பழகிவிடும்” என்று பயமுறுத்துகிறவர்கள் இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவைத்துக்கொள்ளட்டும். மருந்து வீட்டுக்குப் போனால் பேரன் எடுத்துத் தின்றுவிடுவான் என்பவர்களுக்கும் அதுதான் பதில்: கோழிக்கோட்டில் அந்த வீடுகளிலும் பேரன்மார் இருந்தார்கள். ஏழைகள் விற்றுவிடுவார்கள் என்று சொல்லத் துணிகிற கனவான்களுக்கும் அதுவே பதில்: அந்த 1,723 பேரிலும் ஏழைகளுக்குக் குறைவில்லை. மலையாளியின் நரம்பு வேறு, தமிழனின் நரம்பு வேறு என்று எந்த உடற்கூற்று நூலில் எழுதியிருக்கிறது? வாளையாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் ஒரு மருந்தின் குணம் மாறிவிடுமா?

நீண்ட நாள் மார்ஃபின் எடுத்துவந்த உடம்பு அதற்கு இணங்கிவிடுகிறது, திடீரென நிறுத்தினால் உபாதை உண்டாகிறது என்பது உண்மையே. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுக்கும் வைத்தியர் அதையும் திடீரென நிறுத்துவதில்லை, படிப்படியாகக் குறைக்கிறார். அந்த நோயாளியை ஸ்டீராய்டுப் பித்தர் என்று யாரும் தூற்றியதில்லை. தன் வாழ்வையும் குடும்பத்தையும் நாசமாக்கிக்கொண்டாவது ஒரு பொருளைத் தேடி ஓடுகிற மனத்தின் வியாதிதான் அடிமைத்தனம். உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி குடிக்க வேண்டும் என்பதற்காக மாத்திரை கேட்கும் கிழவியின் ஆசை அதுவன்று. கதிர்வீச்சினாலோ வேறு சிகிச்சையினாலோ வலியின் மூலம் தணிந்துவிட்டால் அளவைக் குறைத்து, பின் நிறுத்தியும் விடலாம். எரிகிற வீட்டில் பாயும் தலையணையும் நனைந்துவிடுமே என்று தண்ணீர் ஊற்றத் தயங்குபவனை ஊர் என்ன சொல்லும்? அந்த விவேகத்தைத்தான் நம் மருத்துவமனைகளில் ஜாக்கிரதை என்று மெச்சுகிறார்கள்.

ஜாக்கிரதை உண்மையாகவே இருந்தால் அது எல்லா மருந்துக்கும் பொதுவாக இருக்க வேண்டாமா? டைக்ளோஃபினாக் மாத்திரையையும் ஊசியையும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கை கூசாமல் எழுதிக் கொடுக்கிறார்கள். அது இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது அவர்கள் படித்த புத்தகத்திலேயே இருக்கிறது. சிறுநீரகம் போனாலும் பரவாயில்லை, ‘நல்ல பெயர்’ கெடக்கூடாது என்பதா இதன் பொருள்? தகுந்த அளவில் பார்த்துக் கொடுக்கப்படும் மார்ஃபின் சிறுநீரகத்தை அழிப்பதுமில்லை, வயிற்றைப் புண்ணாக்குவதுமில்லை. ஆயினும் உறுப்பைக் கெடுப்பது மருந்து என்றும், வலியைப் போக்குவது போதை என்றும் பெயர் பெற்றிருக்கின்றன.

இந்தப் பயத்துக்கு எருவிட்டு வளர்த்ததில் சர்க்காரின் பங்கு சிறிதன்று. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டு, குறைந்தது 10 ஆண்டுச் சிறைவாசம் என்ற கத்தி தலைமேல் தொங்கவிடப்பட்டதும், கணக்குப் புத்தகத்தில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தாலும் ஜெயிலுக்குப் போக நேருமோ என்று மருத்துவமனைகள் மார்ஃபினை அலமாரியிலிருந்தே அகற்றிவிட்டன. ஏறத்தாழ 600 கிலோவாக இருந்த தேசத்தின் ஆண்டு உபயோகம் 1997-இல் 20 கிலோவுக்கும் கீழே இறங்கிவிட்டது. இத்தனைக்கும் நீமச், மந்தசௌர், சித்தோர்கர் பிரதேசங்களில் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் அபினி பயிரிடுகிறார்கள். காஜிபூரிலும் நீமச்சிலும் அரசுத் தொழிற்சாலைகள் அதைப் பக்குவம் செய்கின்றன. அந்நிய நாடுகளுக்குக் கப்பலும் ஏறுகிறது. விளைந்த மண்ணில் வலி, வாங்கிய தேசத்தில் நிவாரணம் என்ற இந்த அநீதியை நம்மவர் ஒருவரும் பெரிதாகப் பேசுவதில்லை. உலகெங்கும் ஓராண்டில் விநியோகமாகும் ஏறத்தாழ 300 டன் அபினி வகை மருந்தில் மிக ஏழை நாடுகளுக்குக் கிட்டுவது 0.1 டன் என்றும், இந்தியாவின் தேவையில் நிறைவேறுவது 4 சதவீதமே என்றும் 2017-இல் லான்செட் குழு கணக்கிட்டுச் சொல்லியது. ஏழை நாடான உகாண்டா 2004-இலேயே தனிப்பயிற்சி பெற்ற செவிலியர்களும் மார்ஃபின் எழுதிக் கொடுக்கலாம் என்று அனுமதித்துவிட்டது. இங்கோ, பெரிய பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட நிபுணர்களே கைநடுங்குகிறார்கள்.

‘சட்டம் தடுக்கிறது’ என்று இன்றும் சாக்குச் சொல்கிறவர்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை. 2014-இல் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் முதலியவற்றை அத்தியாவசிய மருந்துகள் என வகைப்படுத்தியது. 2015-இல் வந்த விதிகளின்படி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற்ற எந்த மருத்துவமனையும் முன்போல் பல உரிமங்களுக்கு அலையாமல் இம்மருந்தை வைத்துக்கொள்ளலாம். பூட்டைச் சட்டம் திறந்துவிட்டது. உள்ளே போக மறுப்பது மனம்.

வேறு வாதம் அகப்படாதபோது உடனே அமெரிக்காவை இழுத்துவருகிறார்கள். அங்கே 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற அபினி வகை மாத்திரையைக் கொண்டுவந்த கம்பெனிக்காரர்கள், அது அடிமையாக்கும் அபாயத்தைக் குறைத்துக் காட்டிப் பொய்ப் பிரசாரம் செய்தார்கள்; அதை அவர்களுடைய பர்டியூ ஃப்ரெடரிக் கம்பெனி 2007-இல் நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டது. இலாப வெறிகொண்டவர்கள் முதுகுப்பிடிப்புக்கும் சாதாரண உபாதைக்கும் மூட்டைமூட்டையாக விற்றதனால் நேர்ந்த அழிவை, ஒரு மாத்திரைக்கும் வழியில்லாமல் அலறுகிற நம் ஊர்ப் புற்றுநோயாளியின் தலைமேல் ஏற்றுவது எந்த நியாயம்? அமெரிக்கர் அளவுக்குமேல் உண்டு அஜீர்ணம் கொண்டார்கள் என்பதற்காக நம் பட்டினிக்காரனுக்குச் சோறு மறுப்போமா? கோழிக்கோட்டு 1,723 பேருக்கு எந்தக் கம்பெனியும் விளம்பரம் செய்யவில்லை. ஒரு வைத்தியர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, எழுதிக் கொடுத்தார்.

போதையைப் பற்றிய இந்தத் தேசத்தின் ஒழுக்க அக்கறை எத்தகையது என்பதை அறிய வேறெங்கும் போக வேண்டாம். 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனையை அரசாங்கமே டாஸ்மாக் கடைகளின் மூலம் ஏகபோகமாக நடத்திவருகிறது. குடித்துக் குடல் வெந்து கணவன் சாவதற்குச் சர்க்கார் கடை திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கணவனின் மனைவி கருப்பைப் புற்றால் வலி தாளாமல் கதறினால் போதையின் கெடுதிகளை எடுத்துரைக்க அதிகாரிகளுக்கும் வைத்தியர்களுக்கும் நாக்கு நீண்டுவிடுகிறது. பிரசவ அறையில் வேதனை தாங்காமல் கத்துகிற பெண்ணை வைது அடக்குவதும், “பொறுத்துக்கொண்டால்தான் பெண்” என்று பாடம் சொல்வதும் இதே மனோபாவத்தின் வேறு கிளைகள். முன்வினை என்று படுக்கையருகே உபதேசிக்கும் உறவினரும், நோயின் பெயரை நோயாளியிடமே மறைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் தாழ்வாரத்தில் இரகசியம் பேசுகிற டாக்டரும், வலி எப்படியிருக்கிறது என்று கேட்க அவகாசமின்றி இரண்டு நிமிஷத்தில் அடுத்த சீட்டை அழைப்பவரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: வலி அனுபவிப்பவருக்கே தெரியும். அதற்கு ஸ்கேனில் நிழல் விழாது. எவ்வளவு வலிக்கிறது என்பதற்கு நோயாளியின் வாக்கே பிரமாணம். அதைக் கேட்க மறுக்கும் வைத்தியத்துக்கு எத்தனை யந்திரங்கள் வாங்கி வைத்தும் பிரயோஜனமில்லை.

ஆகையால் நோயாளியின் பிள்ளைகள் இனிக் கைகட்டி நின்று திரும்பிவரலாகாது. “எங்கம்மாவுக்கு மார்ஃபின் ஏன் பொருந்தாது, காரணம் சொல்லுங்க” என்று மரியாதையோடும் உறுதியோடும் கேட்க வேண்டும். மூச்சுக்கோளாறு முதலிய மெய்யான காரணம் இருந்தால் வைத்தியர் அதைச் சொல்லட்டும், ஏற்றுக்கொள்வோம். காரணம் வெறும் பயமானால், “இந்த ஆஸ்பத்திரி மார்ஃபின் வைத்துக்கொள்ள அங்கீகாரம் வாங்கியிருக்கிறதா? இல்லையென்றால் ஏன் வாங்கவில்லை? அது உள்ள இடத்துக்கு எழுதிக் கொடுக்கிறீர்களா?” என்று அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் வாய்வழி மார்ஃபின் எந்நாளும் இருப்பில் இருக்க வேண்டும். அதைக் கையாளப் பயிலாத எவருக்கும் மருத்துவப் பட்டம் கொடுக்கப்படலாகாது. பக்கத்து மாநிலத்து நகரம் ஒன்றில் சில வைத்தியர்கள் 1,723 பேருக்குச் செய்து காட்டிய காரியத்தை, இத்தனை மருத்துவக் கல்லூரிகளையும் இத்தனை மாளிகை மருத்துவமனைகளையும் கட்டிப் பெருமைப்படுகிற தமிழ்நாடு செய்ய முடியாது என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். செய்ய மனமில்லாதவர்களுக்கு மனம் வரும்வரை கேட்டுக்கொண்டேயிருப்பது, வலியில் கிடப்பவர்களுக்காக எழுந்து நடமாடக் கூடிய நம் ஒவ்வொருவரின் கடமை.